கேம்ஷாஃப்டும் டர்போவும்: நூறு வருஷத்துப் பங்காளிச் சண்டை

டர்போ கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஒன்று கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு இடத்தில் வந்து நிற்கும். "264 போடலாமா, 272 போடலாமா?" லாட்டரிச் சீட்டு நம்பர் இல்லை மக்களே, கேம்ஷாஃப்ட்டின் டிகிரிக் கணக்கு. எண் பெரிதாக இருந்தால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும், அதிகக் காற்று போகும், அதிகப் பவர் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நியாயம் டர்போ இல்லாத இஞ்சினில் செல்லுபடியாகிற அளவுக்கு டர்போ இஞ்சினில் ஆவதில்லை. பல சமயம் தலைகீழாகவே ஆகிவிடுகிறது.

நான் படிப்பது பி.காம். எனக்கும் மெக்கானிக்கல் இஞ்சினியரிங்குக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. இருந்தாலும் இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், இதில் ஒரு நல்ல வரலாறு ஒளிந்திருக்கிறது. 1925இல் ஒருவர் சொன்ன யோசனையை, கார் கம்பெனிகள் பல வருஷம் தொடவே பயந்தன. பிறகு திடீரென்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டன. இப்போது மறுபடியும் கொஞ்சம் கீழே இறக்குகின்றன. இந்தக் கதை தெரிந்தால் 264ஆ 272ஆ என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு செட் கேம் வாங்கப் போகிறவருக்கு அது பெரிய உதவி.

முதலில் அடிப்படை. தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி, சுற்றினால் ஒரு வேலை முடியும். அதற்குள் கேம்ஷாஃப்ட் ஒரே ஒரு சுற்றுதான். கேம்ஷாஃப்ட்டில் முட்டை வடிவத்தில் புடைத்திருக்கும் லோப்தான் வால்வை அமுக்கித் திறக்கிறது. லோப் அகலமாக இருந்தால் வால்வு அதிக டிகிரி திறந்திருக்கும். இதுதான் டியூரேஷன். லோப் உயரமாக இருந்தால் வால்வு அதிக ஆழம் இறங்கும். இது லிஃப்ட். இன்டேக் லோப்பின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோப்பின் உச்சிக்கும் நடுவே உள்ள கோணம் லோப் செபரேஷன். கடைக்காரர் பெரும்பாலும் முதல் இரண்டைத்தான் சொல்வார். மூன்றாவதில்தான் விஷயமே இருக்கிறது.

எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறக்க ஆரம்பித்துவிடும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பெயர் ஓவர்லாப். டர்போ இல்லாத இஞ்சினில் இது வரப்பிரசாதம். வெளியே ஓடுகிற புகை தன் வேகத்தில் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் புதுக் காற்று உள்ளே வரும். பழைய ரேஸ் கார்கள் ஐடிலிங்கில் திக்கித் திக்கிப் பேசினாலும் மேலே போனால் பறந்தது இந்த ஓவர்லாப் தந்த வரத்தால்தான்.

டர்போ வந்தால் எக்ஸாஸ்ட் வழியில் ஒரு டர்பைன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. புகை இனிமேல் சும்மா ஓடிப்போக முடியாது, சுங்கச்சாவடியில் நின்று கட்டணம் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அதனால் வால்வுக்கும் டர்பைனுக்கும் நடுவில் அழுத்தம் ஏறும். இப்போது ஓவர்லாப் நேரத்தில் இரண்டு கதவும் திறந்தால் காற்று எந்தப் பக்கம் போகும்? எந்தப் பக்கம் அழுத்தம் குறைவோ அந்தப் பக்கம். இன்டேக்கில் பூஸ்ட் 1 பார், எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் 2 பார் என்றால் (சின்ன டர்போவை மேல் ஆர்பிஎம்மில் பிழிந்தால் இது சர்வ சாதாரணம்) சூடான புகை பின்பக்கமாகச் சிலிண்டருக்குள்ளும் இன்டேக்குக்குள்ளும் திரும்பி வரும். புதுக் காற்றுக்கான இடத்தை எரிந்து முடிந்த புகை ஆக்கிரமிக்கும், சிலிண்டர் சூடாகும், நாக்கிங் வரும். பெரிய கேம் வாங்கியவர் காசு கொடுத்து இதைத்தான் அதிகப்படுத்திக்கொள்கிறார். அழுத்தம் மறுபக்கமாக இருந்தால், அதாவது இன்டேக்கில் அதிகம் எக்ஸாஸ்ட்டில் குறைவு என்றால், அதே ஓவர்லாப் சிலிண்டரைக் கழுவித் துடைத்துவிடும். இதற்கு ஸ்கேவெஞ்சிங் என்று பெயர்.

இனி வரலாறு. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த ஆல்ஃபிரெட் ப்யூக்கி 1905இலேயே எக்ஸாஸ்ட் புகையால் காற்றை அழுத்தும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு இருபது வருஷம் அது பெரிதாகப் பலன் தரவில்லை. அவர் 1925இல் வாங்கிய இன்னொரு காப்புரிமைதான் திருப்புமுனை. அதில் இரண்டு விஷயங்கள் ஜோடியாக இருந்தன. ஒன்று, எல்லா சிலிண்டர் புகையையும் ஒரே குழாயில் கொட்டாமல், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாத சிலிண்டர்களைக் குழுவாகப் பிரித்துத் தனித்தனிக் குழாயில் டர்பைனுக்கு அனுப்புவது. அப்போது அழுத்தம் துடிப்புத் துடிப்பாக வரும், இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் நன்றாக இறங்கும். இரண்டாவது, சரியாக அந்த இறக்கத்தில் ஓவர்லாப்பை நீளமாக வைப்பது. எக்ஸாஸ்ட் அழுத்தம் இறங்கிய அந்த நொடியில் அழுத்திய காற்று சிலிண்டரை அலசிக்கொண்டு வெளியேறும். பிஸ்டனும் வால்வும் குளிரும்.

அந்தக் காலத்தில் ப்ரொய்ஸன், ஹான்செஸ்டாட் டான்சிக் என்று இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்கள். அவற்றின் பத்து சிலிண்டர் டீசல் இஞ்சின்கள் ப்யூக்கியின் டர்போவால் 1750 குதிரைத்திறனிலிருந்து 2500க்குப் போயின. கப்பல் உலகம் அசந்துபோயிற்று. கவனிக்கவேண்டியது, முதல் வெற்றிகரமான டர்போ இஞ்சின்களின் அஸ்திவாரமே நீளமான ஓவர்லாப்தான்! அப்படியிருக்க, கார்க்காரர்கள் ஏன் அதற்கு நேர் எதிராகப் போனார்கள்?

காரணம் பெட்ரோல். டீசல் இஞ்சினில் இன்டேக் வழியாக வருவது வெறும் காற்று. டீசல் பிறகுதான் பீய்ச்சப்படுகிறது. ஓவர்லாப்பில் காற்று வீணாகப் போனால் போகட்டும், காற்று சும்மாதானே கிடைக்கிறது. கார்ப்பரேட்டர் உள்ள பெட்ரோல் இஞ்சினில் வருவது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை. அலசினால் பெட்ரோலும் சேர்ந்து எக்ஸாஸ்ட்டுக்குப் போகும். அதோடு பெட்ரோலுக்கு நாக்கிங் என்ற தலைவலி வேறு. டீசலில் லாபக் கணக்கில் எழுதியது பெட்ரோலில் நஷ்டக் கணக்குக்கு மாறிவிட்டது.

1962இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே வருஷத்தில் இரண்டு டர்போ கார்களை இறக்கியது. ஒன்று ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர். 3.5 லிட்டர் அலுமினிய வி8, 215 குதிரைத்திறன். கம்ப்ரஷன் 10.25, டர்போவோடு அந்தக் காலத்துக்கு இது அசட்டுத் தைரியம். நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டப்பாவில் ஊற்றவேண்டும், அதற்கு "டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்" என்று பந்தாவாகப் பெயர் வேறு. மக்கள் ஊற்ற மறந்தார்கள், கார் 1963உடன் நின்றது. இன்னொன்று ஷெவர்லே கார்வேர் மோன்சா ஸ்பைடர், 150 குதிரைத்திறன். எனக்கு இதுதான் சுவாரசியம். இதில் வேஸ்ட்கேட்டே கிடையாது. பூஸ்ட் எல்லை மீறாமல் இருக்க எக்ஸாஸ்ட்டின் எதிரழுத்தத்தையே கடிவாளமாக நம்பினார்கள். ப்யூக்கி எதைக் குறைக்கப் பாடுபட்டாரோ அதையே பாதுகாப்புக் கருவியாக வைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட இஞ்சினில் ஓவர்லாப்பைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

அடுத்து ஐரோப்பா. 1973இல் பி.எம்.டபிள்யூ 2002 டர்போ வந்தது. 170 குதிரைத்திறன், கம்ப்ரஷனை 6.9க்கு இறக்கிவிட்டார்கள். முன் ஸ்பாய்லரில் "டர்போ" என்று கண்ணாடியில் படிக்கிற மாதிரி தலைகீழ் எழுத்து. முன்னால் போகிறவர் பார்த்து ஒதுங்கவேண்டுமாம் :-) அதே வருஷம் எண்ணெய் நெருக்கடி வந்தது, 1672 கார்களோடு கதை முடிந்தது. கீழ் ஆர்பிஎம்மில் ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று முதுகில் உதை விழும். சாலையில் ஓட்டுகிறவருக்கு அது தினசரிச் சோதனை.

இதற்குப் பதில் சொன்னது ஸ்வீடனின் சாப். 1977இல் காட்டிய 99 டர்போவில் 145 குதிரைத்திறன்தான். ஆனால் சின்ன டர்போவை வைத்து, வேஸ்ட்கேட்டால் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தி, நகரத்தில் ஓட்டும் ஆர்பிஎம்மிலேயே இழுப்பு வரும்படி செய்தார்கள். சாலைக் கார் டர்போவுக்கு இதுவே இலக்கணமாகிப் போனது. ஆனால் சின்ன டர்பைன் என்றால் சுங்கச்சாவடி குறுகல் என்று அர்த்தம். எக்ஸாஸ்ட் அழுத்தம் மேலே போகும். அதற்குத் தோதான கேம் குறைந்த டியூரேஷன், குறைந்த ஓவர்லாப் உள்ள சாதுவான கேம். கம்பெனிகள் சாதுக் கேம் போட்டதை "கஞ்சத்தனம்" என்று திட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். அவர்கள் போட்ட டர்போவுக்கு அதுதான் சரியான கேம்.

1989இல் ஜப்பானில் நிஸ்ஸான் ஆர்32 ஜிடி-ஆர் வந்தது. 2568 சிசி ஆர்பி26டிஇடிடி, இரட்டை டர்போ. ரேஸுக்கென்றே பிறந்த இஞ்சின். அதிலேயே இன்டேக் கேம் 240 டிகிரி, எக்ஸாஸ்ட் 236 டிகிரிதான். விளம்பரத்தில் 280 குதிரைத்திறன். அதற்கு மேல் சொல்வதில்லை என்று ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தன, 2004 வரை அந்த ஒப்பந்தம் நின்றது. இஞ்சினோ அதற்கு மேல் தாங்கும். கம்பெனி வேண்டுமென்றே விட்டு வைத்த அந்த இடைவெளிதான் ஒரு தொழிலையே வாழ வைத்தது. (பொருளாதார வகுப்பில் விலைக் கட்டுப்பாட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சந்தை முளைக்கும் என்பார்களே, அது மாதிரி.)

அந்தச் சந்தையில் 1973 முதல் இருக்கும் எச்.கே.எஸ். கடை விரித்தது. 264, 272, 280 என்ற எண்கள் உலகம் முழுக்கப் பிரபலமானது பெரும்பாலும் இவர்களால்தான். டோமேய் கம்பெனி "பொன்கேம்" என்று ஒன்று விற்றது. தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள், ஜப்பானிய மொழியில் "பொன்" என்பது பொட்டென்று எடுத்து வைப்பதைக் குறிக்கும் ஒலிச்சொல். மற்றதை அதிகம் நோண்டாமல் பழையதை எடுத்துவிட்டுப் பொட்டென்று வைத்துவிடலாம் என்று பொருள். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனின் 4ஜி63 இஞ்சினுக்கு இரண்டு பக்கமும் 272 என்பது கிட்டத்தட்டச் சடங்காகவே ஆகிவிட்டது. அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. பெரிய டர்போ போட்டு, பெரிய எக்ஸாஸ்ட் போட்டு, டர்பைனுக்கு முன்னாலிருந்த அழுத்தத்தைக் குறைத்த கார்களில் பெரிய கேம் நிஜமாகவே வேலை செய்தது. கெட்ட பெயர் வந்தது எங்கே என்றால், கம்பெனி டர்போவை அப்படியே வைத்துக்கொண்டு கேமை மட்டும் மாற்றிய இடத்தில்.

இங்கே ஒரு கணக்குப் பிள்ளையின் முணுமுணுப்பு. இந்த டிகிரியை எல்லோரும் ஒரே மாதிரி அளப்பதில்லை! சிலர் வால்வு அசைய ஆரம்பித்த இடத்திலிருந்து அளப்பார்கள், சிலர் 1 மி.மீ. தூக்கியபின் அளப்பார்கள். அமெரிக்கர்கள் 0.050 அங்குலத்தில், அதாவது 1.27 மி.மீ.யில். ஒரே கேமை இரண்டு விதமாக அளந்தால் 40, 50 டிகிரி வித்தியாசம் வரும். தேய்மானத்தை ஒரு கம்பெனி நேர்கோட்டு முறையிலும் இன்னொன்று குறைந்து செல் மதிப்பு முறையிலும் போட்டால் லாபத்தை அப்படியே ஒப்பிட முடியுமா? அதே சங்கதிதான். எந்த லிஃப்ட்டில் அளந்தது என்று கேட்காமல் இரண்டு கடைக் கேமை ஒப்பிடவே கூடாது.

ஓவர்லாப் கணக்கு நாமே போடலாம். இரண்டு டியூரேஷனையும் கூட்டி நாலால் வகுத்து, லோப் செபரேஷனைக் கழித்து, இரண்டால் பெருக்கவேண்டும். 272, 272, செபரேஷன் 110 என்றால் 136இல் 110 போக 26, இரண்டால் பெருக்க 52 டிகிரி. அதே 272ஐ 114 செபரேஷனில் வைத்தால் 44 டிகிரி. 264, 264, 110 என்றாலும் 44தான்! அதாவது "பெரிய" கேமை விரித்து வைத்தால் "சின்ன" கேமின் ஓவர்லாப் கிடைத்துவிடும். டியூரேஷன் எண்ணை மட்டும் வைத்துச் சண்டை போடுவது எவ்வளவு வீண் பாருங்கள். இரட்டைக் கேம் இஞ்சின்களில் அட்ஜஸ்டபிள் கேம் கியர் போட்டால் இதைத் திருகியே மாற்றலாம்.

அந்த 52 டிகிரி 6000 ஆர்பிஎம்மில் சுமார் 1.4 மில்லி விநாடி. 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் கிட்டத்தட்ட 11 மில்லி விநாடி. சிக்னலில் நிற்கும்போது இரண்டு கதவும் ஏழெட்டு மடங்கு நேரம் திறந்து கிடக்கிறது, புகை சாவகாசமாக உள்ளே வந்து உட்காருகிறது. ஐடிலிங் குலுங்குகிறது, இன்டேக்கின் வேக்குவம் குறைகிறது, அதை நம்பியிருக்கும் பிரேக் பூஸ்டரின் பலமும் குறைகிறது. சாலைக் காரில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

செலவுக் கணக்கில் கேமின் விலை முதல் வரி மட்டுமே. டர்போ காரில் பூஸ்ட் அழுத்தம் இன்டேக் வால்வின் முதுகைத் தள்ளும். 34 மி.மீ. விட்டமுள்ள வால்வுக்குப் பரப்பு 9 சதுர செ.மீ. 1.5 பார் பூஸ்ட்டில் கிட்டத்தட்ட 14 கிலோ, மூடியிருக்கும் வால்வைத் திறக்கப் பார்க்கும். லிஃப்ட்டும் ஆர்பிஎம்மும் கூடினால் ஸ்ப்ரிங்கை மாற்றியே ஆகவேண்டும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி அளக்கவேண்டும். டைமிங் பெல்ட்டைக் கழற்றுகிற கூலி. கடைசியாக இசியூ டியூனிங், அது இல்லாமல் மீதியெல்லாம் வீண். கேமுக்கு ஒதுக்கிய தொகை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

2005இல் எவல்யூஷன் 9இல் மிட்சுபிஷி இந்தச் சண்டையில் ஒரு பஞ்சாயத்து பண்ணியது. மிவெக் என்ற ஏற்பாட்டில் இன்டேக் கேம் ஓடும்போதே முன்னும் பின்னும் திரும்பும். டர்போ விழித்துக்கொள்ளவேண்டிய நடு ஆர்பிஎம்மில் ஓவர்லாப்பைக் கூட்டலாம், ஐடிலிங்கில் குறைக்கலாம். ஒரே கேமில் இரண்டு குணம். (இந்த இஞ்சினுக்கு வெளிக் கேம் வாங்குகிறவர்கள், அது முழுசாக முன்னால் திரும்பிய நிலையிலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது என்று உறுதி செய்துகொள்ளவேண்டும்.) ஆனால் பெட்ரோல் இன்னும் இன்டேக் போர்ட்டில்தான் பீய்ச்சப்பட்டது. அலசினால் பெட்ரோலும் சேர்ந்து போகும் என்ற பழைய தடை அப்படியே இருந்தது.

அந்தத் தடையை உடைத்தது பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன். 2009இல் வந்த ஆல்ஃபா ரோமியோவின் 1750 டிபிஐ இதற்கு அழகான சாட்சி. 1742 சிசி, 200 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க் வெறும் 1400 ஆர்பிஎம்மில்! இரண்டு கேமும் திரும்பும். கீழ் ஆர்பிஎம்மில் புகை குறைவு என்பதால் டர்பைனுக்கு முன்னால் அழுத்தமும் குறைவு, இன்டேக்கில்தான் அதிகம். அந்த நேரம் பார்த்து ஓவர்லாப்பை நன்றாக நீட்டி, வெறும் காற்றால் சிலிண்டரை அலசிவிட்டு, எக்ஸாஸ்ட் வால்வு மூடியபின் பெட்ரோலை விடுகிறார்கள். அலசிய காற்று டர்பைனையும் கூடுதலாகச் சுழற்றுகிறது. 1925இல் ப்யூக்கி கப்பலுக்காக எழுதியது, 84 வருஷம் கழித்து ஒரு இத்தாலியக் காரில் பெட்ரோலோடு வந்து சேர்ந்தது. எனக்கு இந்த இடத்தில் உண்மையிலேயே புல்லரித்தது.

அதோடு சுபம் போட முடியவில்லை. அலசிய காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. எக்ஸாஸ்ட்டில் ஆக்சிஜன் மிஞ்சினால் மூவழி கேட்டலிஸ்ட்டால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க முடியாது. ஐரோப்பாவில் 2017 முதல் சாலையிலேயே புகையை அளக்கும் சோதனை வந்தபின் ஸ்கேவெஞ்சிங்கைத் தாராளமாகப் பயன்படுத்துவது கஷ்டமாகிவிட்டது. 2015இல் ஆடி காட்டிய 190 குதிரைத்திறன் 2.0 லிட்டர் டிஎஃப்எஸ்ஐ இன்னும் ஒரு படி மேலே போய், பகுதிச் சுமையில் இன்டேக் வால்வை 140 டிகிரி மட்டுமே திறக்கிறது. வழக்கமான இஞ்சினில் 190, 200 இருக்கும். கடைக்காரர்கள் எண்ணைக் கூட்டிக்கொண்டே போக, கம்பெனிக்காரர்கள் மைலேஜுக்காகக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

சரி, 264ஆ 272ஆ? என்னைக் கேட்டால், கம்பெனி டர்போவோடு இருக்கும் சாலைக் காருக்கு இரண்டும் வேண்டாம், காசு முதலில் எக்ஸாஸ்ட்டுக்கும் டர்போவுக்கும் போகட்டும். பெரிய டர்போ போட்ட, போர்ட் இன்ஜெக்ஷன் உள்ள 2 லிட்டர் காருக்கு 264 பக்கம் நிம்மதி. 272 வேண்டுமென்றால் விரிந்த செபரேஷனில். 280 டிராக்குக்குப் போகிறவர்கள் பாடு. டைரக்ட் இன்ஜெக்ஷனும் இரண்டு திரும்பும் கேமும் உள்ள புதுக் கார் என்றால், கேமை மாற்றுவதற்கு முன் அதைத் திருப்பும் கணக்கை மாற்றத் தெரிந்த டியூனரைத் தேடுங்கள்.

யார் என்ன சொன்னாலும், வாங்குவதற்கு முன் டைனோவில் ஒரு நாள் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் அழுத்தத்தை அளந்துவிடுவது நல்லது. டர்பைனுக்கு முன்னால் ஒரு சின்னத் துளை, சென்சார் சூட்டில் கருகாமல் இருக்க நீளமாக ஒரு உலோகக் குழாய், அவ்வளவுதான் சாமான். பூஸ்ட் 1 பார் காட்டும்போது அங்கே 1.2 காட்டினால் கேமைப் பற்றிப் பேசலாம். 2 காட்டினால் கேட்டலாக்கை மூடிவிட்டு டர்போக்காரரிடம் போகவேண்டியதுதான்.